வெறுங் கராஜுக்குக் கீறிய படம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் தெருவோரத்தில், குருக்கள்மடத்தில், எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது. எல்லாம் ஒரு மழைப் பொழுதுக்குள் நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் சிரிப்பு வரும், பிறகு உள்ளங்கை குளிர்ந்துபோகும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் தாய் வழியிலும் சரி, தகப்பன் வழியிலும் சரி, இரண்டாம் புத்தகத்தைத் தாண்டியவர் எவரும் இல்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் தேவை வந்ததில்லை. நான் கல்லடியில் விடுதியில் நின்று படித்து, சீனியர் சோதனை பாஸ் பண்ணி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து ஊரில் யாருக்குத் தந்தி வந்தாலும், அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தாலும், மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வாசித்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒளிப்பானேன், மிகவும் பிடித்திருந்தது.

அப்பா மாட்டு வண்டியில் தொடங்கி லொறிக்கு வந்தவர். அப்போது எங்களிடம் இரண்டு லொறிகளும், வாடகைக்கு ஓடும் ஒரு காரும் இருந்தன. வாவிக்கு அக்கரையில் படுவான்கரை வயல்களில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் நெல் மூட்டைகள் தோணியில் எங்கள் துறைக்கு வரும். அங்கிருந்து அவற்றை லொறியில் ஏற்றி, பட்டணத்து மில்லுகளுக்குக் கொண்டுபோவதுதான் அப்பாவின் தொழில். மூன்று வாகனங்களும் நிற்கத் தோதாக, தகரக் கூரையும் அதைத் தாங்கும் பனை வளைகளும் போட்டு, வளவில் ஒரு பெரிய கராஜ் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்களுக்குத்தான் சேரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வளவு அம்மாவின் சீதனம். அதில் பாதியைக் கராஜ் பிடித்துக்கொண்டதில் அம்மாவுக்குத் தீராத மனக்குறை. கோபம் வந்தால், "உங்கட லொறியை என்ட வளவுக்குள்ள இருந்து எடுங்க" என்பார். அன்று பொழுதுபடும் வரை அப்பாவின் குரல் உயராது.

அந்தக் கராஜுக்கு மின்சார விளக்குப் போட வேண்டும் என்ற எண்ணம் ஒரு தீயில் தொடங்கியது. மார்கழியில் ஒருநாள் பின்னேரம், எங்கள் மெக்கானிக் லொறிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை, எனக்கு மாமா. பக்கத்தில் வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு அவர் கால் பட்டுச் சரிந்தது. எண்ணெய்த் துணியில் பற்றிய தீ நாலு எட்டில் நின்ற பெற்றோல் பீப்பாவை நோக்கி ஓடியது. எங்கள் லொறி டிரைவர் வாளியோடு மணலைக் கொட்டி அணைத்துவிட்டார். மாமாவின் வலது கை மயிர் கருகியதோடு போயிற்று. "சவரக்காரனுக்கு வேலை மிச்சம்" என்று அவர் சிரித்தார். அப்பா அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

அடுத்த மாதமே, யுத்தத்துக்கென வந்து நின்ற பட்டாளம் திரும்பும்போது ஏலத்தில் விட்ட சாமான்களுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஒரு லைற் எஞ்சினை எடுத்து வந்தார். பன்னிரண்டு மின்குமிழ்கள் வரை தாங்கும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். எஞ்சின் கிடைத்த அளவுக்கு வயர் இலகுவில் கிடைக்கவில்லை. அப்பா பட்டணத்துக்கு மூன்று தரம் போய்க் கடைக்காரரின் வாசலில் காத்துக் கிடந்து இரண்டு சுருள் வாங்கி வந்தார். இனி எப்போது கப்பல் வருமோ, வந்தாலும் வயர் வருமோ தெரியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எங்கள் கராஜுக்கு உலகத்தில் இருந்தது அந்த இரண்டு சுருள்தான்.

வேலைக்கு ஒப்புக்கொண்ட வயர்மன் காத்தான்குடியைச் சேர்ந்தவர். முப்பது வயது இருக்கும். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டோம். குமிழ் எங்கெங்கே வர வேண்டும், சுவிச் எங்கே, வயர் எந்த வழியால் போக வேண்டும் என்று முதலில் ஒரு படம் வேண்டும், நானே கீறட்டுமா என்று அவர் அப்பாவிடம் கேட்டாராம். கேட்டது சந்தித் தேநீர்க் கடையில், பத்துப் பேருக்கு நடுவில். அப்பா எழுந்து நின்று சொன்னாராம்: "என்ட மகள் கீறித் தருவாள்."

அந்த ஒரு வசனத்துக்காக நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவே முடியாது. விடுதியில் விஞ்ஞான பாடத்தில் பற்றரியும் மணியும் வைத்து மின்சாரம் ஓடும் வழி படித்திருந்தேன். கேத்திர கணிதத்தில் எனக்கு எப்போதும் முதல் புள்ளி. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரேயொரு தடைதான் இருந்தது. கராஜில் ஆட்கள் நிற்கும்போது நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "ஆம்புளயள் வேலை செய்ற இடத்தில குமர்ப் புள்ளைக்கு என்ன அலுவல்?" என்பார். நடு வளவில் நின்ற முருங்கை மரம்தான் எல்லை. நான் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. விடியற்காலையில் லொறிகள் துறைக்குப் போய்விடும். கார் வாடகைக்குப் போய்விடும். மாமாவும் மூட்டை ஏற்றும் இடத்துக்குப் போவார். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கராஜ் வெறுமையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய், நாலு நாளாக மூலை முடுக்கெல்லாம் அளந்தேன். தரையைக் கூட்டி, உயரத்தை மூங்கில் கம்பு வைத்துப் பார்த்து, வளை எத்தனை, தூண் எத்தனை என்று எண்ணி, ஒரு அங்குலம் பிசகாமல் எழுதிக்கொண்டேன். அவ்வளவு வெளிச்சமான, காற்றோட்டமான, விசாலமான இடமாக அது எனக்குத் தெரிந்தது.

படம் அழகாக வந்தது. அதை நான் இன்றும் சொல்வேன். பெரிய தாளில், ஒரு அங்குலத்துக்கு நாலு அடி என்று கணக்கு வைத்துக் கீறினேன். விடுதி மண்டபத்தில் பார்த்ததுபோலவே, நாலு நாலாக மூன்று வரிசையில் பன்னிரண்டு குமிழ்கள். ஒவ்வொன்றும் வளையிலிருந்து ஒரு முழம் கீழே தொங்கும். வயர் போகும் வழிக்குச் சிவப்புப் பென்சில், குமிழுக்கு மஞ்சள். சுவிச்சுகள் எல்லாம் ஒரே பலகையில், உள்ளே இடப்பக்கச் சுவரில். அந்தச் சுவர்தான் வெள்ளை அடித்துத் துப்புரவாக இருந்தது. பெயர்களையெல்லாம் இங்கிலிஷில் எழுதி, அடியில் என் பெயரையும், பெயருக்குப் பக்கத்தில் சீனியர் என்பதையும் எழுதி, கோடு போட்டேன்.

அப்பா அதைச் சுருட்டி மூங்கில் குழாய்க்குள் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார். தபால் கந்தோருக்குப் போனார். தேற்றாத்தீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோதும் அது கூடவே போயிற்று. எங்கே பிரித்தாலும் தலைகீழாகப் பிடிக்காமல் இருக்க என் பெயர் கீழே வர வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மாமா பார்த்தார். டிரைவர் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

காக்காவும் பார்த்தார். வேலை தொடங்க வந்த அன்று காலை, வீட்டு வாசலில் அந்தத் தாளை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். எழுந்து கராஜுக்குள் போய் மேலே பார்த்தார். திரும்பி வந்து மறுபடி தாளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வடிவா இரிக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்த இரண்டு சொல்லையும் கேட்டு மகிழ்ந்துபோனேன்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு இடத்திலும் வளையின் அடிப்பக்கத்தில் வெள்ளைச் சோக்கால் சிலுவைக் குறி போட்டு முடித்தார். மறுநாள் காலையில் வயரை அளந்து வெட்டுவது என்று பேச்சு.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு வாவிப் பக்கமாக வானம் கறுத்தது. மாசி மழைதான், ஆனாலும் நெல்லுக்கு ஆகாது. பட்டணம் போக வேண்டிய லொறி, துறையில் ஏற்றிய மூட்டைகளோடு நேரே கராஜுக்குள் வந்து புகுந்தது. நான் கொடியில் காய்ந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தேன். மூட்டைக்கு மேல் ஏறி இருந்து வந்த மாமா இறங்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்கு வந்தார். அவருக்கு உச்சி வழுக்கை. வழுக்கையின் நடுவில், யாரோ வேண்டுமென்றே வைத்ததுபோல, ஒரு வெள்ளைச் சோக்குக் குறி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் இருந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"என்ன புள்ள சிரிக்கிறீங்க? தலையில என்ன, காகம் எச்சம் போட்டிட்டா?" என்று அவர் உச்சியைத் தடவி, விரலைப் பார்த்தார். "ஓ, இதுவா. குனிஞ்சுதான் வந்தன். கராஜுக்குள்ள வரக்குள்ள வளை தலையில உரசிற்று."

நான் வாயிலிருந்து துணியை எடுத்தேன்.

வளை அவர் தலையில் உரசுகிறது. அந்த வளையிலிருந்து ஒரு முழம் கீழே நான் குமிழ் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படியானால் குமிழ் அவர் முகத்துக்கு நேரே. இல்லை, மூட்டைக்குள்ளேயே. குமிழ் உடையும், வயர் அறுந்து தொங்கும், அதற்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், கீழே வைக்கோல் ஒட்டிய சாக்கு. நான் ஏறிட்டுக் கராஜைப் பார்த்தேன். முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, வாகனம் நிற்கும் கராஜை அன்றைக்குத்தான் அதற்குள் வேலை செய்பவர்களின் கண்ணோடு பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நான் அளந்த விசாலமான இடம் அங்கே இல்லை. லொறி அதை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற லொறியும் காரும் வந்தால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். மூட்டை உச்சிக்கும் வளைக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. என் பன்னிரண்டு குமிழும் எரிந்தால் நெல் மூட்டைகளும் லொறிக் கூரைகளும்தான் பட்டப்பகலாகத் தெரியும்.

பரவாயில்லை, நாளைக் காலைதானே வெட்டுவார், இரவு அப்பாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், யாருக்கும் தெரியாமல் படத்தைத் திருத்திவிட முடியுமா என்றுதான் மனம் ஓடியது. அப்போது மழை பிடித்தது. அதோடு கராஜுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. மழை விடும்வரை சும்மா ஏன் இருக்க வேண்டும், இப்பவே வெட்டத் தொடங்கு தம்பி என்று காக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் துணிகளைப் போட்டது எங்கே என்று எனக்கு நினைவில்லை. சேற்றுக்குள் என்று அம்மா பிறகு சொன்னார். முருங்கை மரத்தைத் தாண்டி, மழைக்குள்ளால் ஓடினேன். கராஜுக்குள் அப்பா, காக்கா, டிரைவர், பின்னால் வாளியோடு வந்த மாமா. டிரைவர் பீடியைப் பின்னுக்கு ஒளித்துக்கொண்டு எழுந்து நின்றார். காக்கா சுருளைப் பிரித்து, தரையில் நீளமாக இழுத்து, வெட்டும் குறட்டை வயரில் வைத்திருந்தார்.

"வெட்டாதீங்க காக்கா. படம் பிழை."

குறடு நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். அவர் கக்கத்தில் அந்த மூங்கில் குழாய் இருந்தது. தேநீர்க் கடையும் தபால் கந்தோரும் கலியாண வீடும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை நான் பார்த்தேன். "ஆர் பிழை எண்டு சொன்னது?" என்று கேட்டார். நான்தான், அப்பா என்றேன். ஏன் பிழை என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

காக்கா குறட்டை மெல்லக் கீழே வைத்தார். அவர் ஒரு பெருமூச்சு விட்டதை நான் கவனித்தேன். அது நிம்மதிப் பெருமூச்சு. உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "காலையில பாக்கக்குள்ளயே மனசுக்குள்ள ஒரு மாதிரித்தான் இரிந்திச்சு தங்கச்சி. ஆனா படிச்ச புள்ள கீறினது. இதுல நமக்கு விளங்காத கருத்து ஏதும் இரிக்கும் எண்டு நினைச்சன்."

மாமாவைப் பார்த்தேன். அவர் வாளித் தண்ணீரை உற்றுப் பார்த்தார். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். டிரைவரும் அப்படித்தானாம். சிவப்பும் மஞ்சளுமாக இங்கிலிஷில் எழுதியிருந்த ஒரு தாளைப் பார்த்ததும், தங்கள் தங்கள் தொழிலில் ஊறிய மூன்று ஆண்கள் தங்கள் கண்ணை நம்பாமல் விட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் மார்கழியில்தான் கை மயிரைத் தீக்குக் கொடுத்தவர்.

அந்த இடத்தில் எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முந்தியது. கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. சரி, இப்ப சொல்லுங்கள், உங்களுக்கு வெளிச்சம் எங்கே வேண்டும் என்று கேட்டேன். நீங்க கீறினதில கொஞ்சம் மாத்தினால் சரி புள்ள என்று மாமா இழுத்தார்.

இனிக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. நடுவில் லொறிக்கு அடியில், வேலை செய்வதற்கென வெட்டிய குழி ஒன்று இருந்தது. என் படத்தில் அதை ஒரு நீள்சதுரமாகக் கீறி, அழகாகக் கோடு நிரப்பியிருந்தேன். உள்ளே இறங்கிப் பார்த்ததில்லை. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கினேன். கிறீஸ் மணம், முழங்கை வரை கறுப்பு எண்ணெய், தலைக்குமேல் ஒரு முழத்தில் இரும்பு. பகல் நாலரை மணிக்கே என் கை எனக்குத் தெரியவில்லை. எங்கே அந்த ஒயில் கழற்றும் இடம் என்று உள்ளே இருந்து கேட்டேன்.

மாமா குழிவாயில் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார். நான் சோதனை பாஸ் பண்ணிய பிறகு என்னை 'நீங்க' என்று பேசத் தொடங்கியவர், அதை அப்போது மறந்துபோனார்.

"பாத்தியா கா? மேல பத்துச் சூரியன் எரிஞ்சாலும் இஞ்ச லொறிட வயிறுதான் கண்ணுக்குத் தெரியும். எனக்கு மேல ஒண்டும் வேணாம். கையில புடிக்கிற மாதிரி ஒரு லாம்பு தா. இழுத்த பக்கம் வரோணும்."

பிறகு பேச்சை நிறுத்தவே முடியவில்லை. வேலை மேசையில் குமிழ் வலப்பக்கம் வர வேண்டும், தான் இடக்கைக்காரன், இடப்பக்கம் போட்டால் சொந்தக் கை நிழலில் சுத்தியல் விரலில் விழும் என்றார் மாமா. முன்வாசலில் ஒன்று இல்லாவிட்டால் லொறியைப் பின்னால் எடுக்கும்போது தூணை இடிப்பேன், போன வருஷம் இடித்தது தான்தான் என்று டிரைவர் ஒப்புக்கொண்டார். அப்பாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். மாடு இடித்தது என்று சொல்லித் தூணுக்குப் புதுச் சீமெந்து பூசியிருந்தார்கள். காக்கா ஏணியை ஒருபக்கம் வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது என்றார். நான் சுவிச் பலகை போட்ட வெள்ளைச் சுவருக்குக் கீழேதான் பெற்றோல் பீப்பாக்கள் நிற்பது. விடியற்காலையில் லொறிகளுக்கு ஊற்ற அவற்றை வெளியே உருட்டினால் பின்னேரம்தான் உள்ளே வரும் என்பதால் எனக்குத் தெரியவில்லை. சுவிச் போடும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும், பெற்றோல் ஆவிக்கு அது போதும் என்றார். நான் குழியிலிருந்து ஏறி வந்து அந்த வெள்ளைச் சுவரைப் போய்ப் பார்த்தேன்.

தாளில் திருத்துவதற்குப் பதில் காக்காவின் சோக்கை வாங்கினேன். மழை கொஞ்சம் விட்டதும் டிரைவர் லொறியைத் தாழ்வாரத்துக்குப் பின்னெடுத்துப் படங்குத் துணி போட்டு மூடினார். சீமெந்துத் தரையில் லொறியின் அளவுக்கு லொறி கீறினோம், காரின் அளவுக்குக் கார் கீறினோம். குமிழ் வரும் இடத்தில் வட்டம், வயர் போகும் வழியில் கோடு. அப்பா இவ்வளவு நேரமும் தூணில் சாய்ந்து நின்றார். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகளில் நடந்து பார்த்தார். கார்க் கதவைத் திறப்பதுபோல் கையை நீட்டினார். "இதில இவன் இறங்கினால் முழங்கை வயரில படும். அங்கால தள்ளு" என்றார். தாளில் என் பெயரைத் தவிர எதையும் அடையாளம் தெரியாத என் அப்பா, தரையில் கீறியதும் ஒரு பிழையை ஒரு நிமிஷத்தில் பிடித்தார்.

பன்னிரண்டு குமிழ் ஏழானது. பக்கச் சுவர்களில் நாலு, மூட்டை உயரத்துக்குக் கீழே. வேலை மேசைக்கு வலப்பக்கம் ஒன்று, வாசலில் ஒன்று, குழிக்குள் இழுக்கும்படி நீள வயரும் கம்பிக் கூடும் போட்ட கைலாம்பு ஒன்று. சுவிச் பலகை பீப்பாக்களுக்கு எதிர்ப்பக்க வாசல் தூணுக்குப் போயிற்று. வயரை அளந்து பார்த்தோம், மட்டுமட்டாகப் போதும். வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று காக்காவிடம் கேட்டேன். துண்டு துண்டாகப் பொருத்திய வயர் பெற்றோல் நிற்கும் இடத்துக்கு ஆகாது தங்கச்சி, இன்னொரு கப்பல் வரும்வரை போத்தல் விளக்குத்தான் என்றார்.

அப்போதுதான் அம்மா வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் சேறு சொட்டும் என் துணிகள். எல்லையைத் தாண்டிய மகளைக் கூட்டிப்போக வந்தவர் கிறீஸ் அப்பிய என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நாலு ஆண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். இது என்ன கூத்து என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். கேட்டு முடித்ததும் ஏச்சு வரும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அம்மா குடை நுனியால் கராஜுக்கு வெளியே, கிணற்றடிப் பக்கம் ஒரு இடத்தைக் காட்டினார்.

"அப்ப எனக்கும் ஒண்டு இதில போடுங்க. பொழுதுபட்டால் கிணத்தடியில பாம்பா கயிறா எண்டு தெரியாம நிக்கிறது நான். வளவு என்டது."

அப்பா உடனே சோக்கை வாங்கி அந்த இடத்தில் தன் கையாலேயே ஒரு வட்டம் போட்டார். எட்டுக் குமிழ். அம்மா போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டு அனுப்பினார். என்னை மட்டும் கூட்டிப்போகவில்லை.

வேலை ஐந்து நாளில் முடிந்தது. ஒவ்வொரு நாளும் நான் கராஜில் நின்றேன். லொறி நிற்கும்போது ஒருதரம், நிற்காதபோது ஒருதரம் எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு சுருளில் மிஞ்சியது இரண்டு முழ வயர்தான். எஞ்சினைத் தொடக்கிய அன்று பின்னேரம் ஊரில் பாதி எங்கள் வளவில் நின்றது. மாமா எவரையும் பாராமல் நேரே குழிக்குள் இறங்கினார். கைலாம்பு எரிந்தது. இவ்வளவு நாளும் இந்த லொறிக்கு இப்படியொரு அசிங்கமான வயிறு இருந்தது தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. வளவு முழுதும் சிரித்தது.

அப்பாவைப் பற்றித்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அவ்வளவு பேருக்குக் காட்டிய படம் பிழையாகிப்போயிற்றே, கடையில் எப்படி முகம் கொடுப்பார் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் வந்து சொன்னார். அப்பா கடையில் பழையபடி எழுந்து நின்று, முதல் படத்தில் ஒரு பெரிய பிழை இருந்தது, அதை வயர்மனும் பிடிக்கவில்லை, மெக்கானிக்கும் பிடிக்கவில்லை, பிடித்தது தன் மகள்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். முதல் படத்தைக் கீறியது யார் என்று ஒருவர் கேட்டதற்கு, அதைப் பற்றி இப்ப என்ன கதை என்று தேநீரைக் குடித்தாராம்.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். தந்தியும் கடிதமும் கொண்டு வருபவர்கள் இன்றும் வருகிறார்கள், அவர்கள் முகத்து மரியாதை இன்றும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. படித்ததற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட மாட்டேன். ஆனால் நான் ஒன்றைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால், அன்று கராஜில் குறடு வயரைக் கடிக்கப்போன அந்த நொடி எனக்குள் எழுந்து நிற்கிறது. சொன்னது விளங்கித்தான் பேசாமல் இருக்கிறார்களா, இல்லை என் படிப்புக்குப் பயந்து பேசாமல் இருக்கிறார்களா என்று இறங்கிப் போய்க் கேட்காமல் என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை.